பழங்கோயிலுக்குள் புதுக்கலை

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியர் காலக் கோட்டைகளுள் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டுமே. இனி இங்கு வருவோர் பெருகுவர். இங்குள்ள வெங்கடரமணர் கோயில் மண்டபங்களிலும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலிலும் ஓர் இடத்துக்குள்ளேயே அமைத்துக் காட்டும் இக்கால நிறுவல் கலைக்கு இடமுண்டா என்ற கேள்வியும் எழும். இடமுண்டு என்பதே என் கருத்து. ஆனால் படைப்பை எடுத்த மறுநாள் கட்டடம் முன்பிருந்தபடியே இருக்க வேண்டும். அந்த இடத்தைப் பற்றி நாம் அறியாத ஒன்றை அப்படைப்பு காட்டியிருக்கவும் வேண்டும்.

முன்னோர் கோயில்களில் புதியன சேர்த்துக்கொண்டுதானே இருந்தார்கள், நமக்கு மட்டும் ஏன் கட்டுப்பாடு என்பார்கள் சிலர். தஞ்சைப் பெரிய கோயிலே அதற்கு விடை. அங்கே சோழர் ஓவியங்களின்மேல் நாயக்கர் காலத்தில் புதிதாகச் சுதை பூசி வரைந்தார்கள். அடியில் இருந்ததை 1931இல் ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறை மேலடுக்கைப் பகுதி பகுதியாகப் பிரித்தெடுத்து வேறு பலகைகளில் ஏற்றிக் காக்க நேர்ந்தது. சேர்ப்பது மரபுதான், ஆனால் மூடிவிடுவதன் விலையைப் பின்வருவோரே கொடுக்கிறார்கள்.

புனிதம் கெடும் என்பது அதைவிட வலுவான மறுப்பு. மத்திய அரசு பராமரிக்கும் நினைவுச்சின்னம் வழிபாட்டிடமாகவும் இருந்தால், அதன் இயல்புக்குப் பொருந்தாத எதற்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது 1958ஆம் ஆண்டு நினைவுச்சின்னங்கள் சட்டத்தின் 16ஆம் பிரிவு. 2018 டிசம்பரில் பெரிய கோயில் வளாகத்தில் நடக்கவிருந்த ஒரு நிகழ்ச்சிக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்ததும் நினைவிருக்கும். ஆனால் அத்தகைய நிகழ்ச்சியின் பந்தலும் மேடையும் கூட்டமும் வேறு, அடக்கமான படைப்பு வேறு. 2011இல் வெனிஸ் நகரின் சான் ஜார்ஜோ மாஜோரே தேவாலயத்தில் அனிஷ் கபூர் குவிமாடத்தின் கீழ் வெண்புகையைத் தூணாக எழுப்பினார். சுவரில் எதையும் தீட்டவில்லை. ஆயினும் அதை அப்படியே இங்கு பின்பற்ற முடியாது. தேவாலயம் மக்கள் கூடித் தொழும் கூடம். கோயிலின் கருவறை இறைவனின் இல்லம். ஆகவே கருவறையும் திருச்சுற்றும், பள்ளிவாசலில் தொழுமிடமும் விலக்கப்பட வேண்டியவை. எஞ்சிய இடங்களிலும் வழிபடுவோர் இசைவு முதலில் வேண்டும்.

செஞ்சிக்கென்று சொல்ல ஒன்று இருக்கிறது. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் உயரமான கருங்கல் தூண்கள், பிரெஞ்சுக்காரர் செஞ்சியிலிருந்து கொண்டுசென்றவை. செஞ்சியில் அவை இல்லாத இடத்தை ஒளியால் சில நாள் உணர்த்தும் படைப்பு, பக்கம் பக்கமாக எழுதிய வரலாற்றைவிட விரைவில் புரியவைக்கும். இத்தகைய படைப்புகளுக்கு, ஆணியடிக்காமை, துளையிடாமை, சூடும் பாரமும் ஏற்றாமை, வைக்குமுன்னும் எடுத்தபின்னும் கட்டடத்தின் நிலையைப் பதிவுசெய்தல், வழிபடுவோர் ஒப்புதல் ஆகியவற்றை நெறிமுறையாக வகுத்துத் தொல்லியல் துறையிடம் அளிக்க வேண்டும். அந்த வரைவை முடிக்காமல் இந்த அவை கலையக் கூடாது என்று கேட்டுக்கொண்டு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.