ஓசோன் படலமும் உலக அரசியலும்

சுற்றுச்சூழல் பிரச்சினைகளுக்கு நாட்டெல்லைகள் இல்லை என்பது மேடைகளில் அடிக்கடி கேட்கப்படும் கருத்து. அது உண்மையே. ஆயின், அப்பிரச்சினைகளைத் தீர்ப்பதற்கு ஆகும் செலவு ஏதேனும் ஒரு நாட்டின் வரவு செலவுத் திட்டத்தில்தான் இடம்பெற வேண்டியுள்ளது. அச்செலவை எவர் ஏற்பது, எவ்வளவு காலத்தில் ஏற்பது என்ற வினா எழும்போதே அறிவியல் அரசியலாகிவிடுகிறது.

1972ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் நடைபெற்ற ஐக்கிய நாடுகளின் மாநாட்டில் இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி இவ்வினாவையே எழுப்பினார். வறுமையை ஒதுக்கி வைத்துவிட்டுச் சுற்றுச்சூழலைப் பேச முடியாது என்பது அவருடைய உரையின் சாரம். அந்த வாதம் உலக உடன்படிக்கை ஒன்றின் விதிகளில் உருப்பெறுவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன. அவ்வுடன்படிக்கை ஓசோன் படலத்தைப் பற்றியது. மாணவர்களும் அலுவலர்களும் அதன் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவது பயன் தரும்.

அறிவியல் கண்ட உண்மை

வளிமண்டலத்தின் மேலடுக்கில் உள்ள ஓசோன், கதிரவனின் தீங்கு தரும் புறஊதாக் கதிர்களைத் தடுத்து நிறுத்துகிறது. குளிர்பதனப் பெட்டிகள், குளிர்சாதனக் கருவிகள், நுரைப் பொருள்கள், தெளிப்பான் குப்பிகள் ஆகியவற்றில் பயன்பட்டு வந்த குளோரோ புளோரோ கார்பன் எனும் சேர்மங்கள் இப்படலத்தை அரிக்கக் கூடும் என்று 1974இல் மோலினா, ரோலண்ட் ஆகிய இரு அறிவியலாளர்கள் எடுத்துக்காட்டினர். இச்சேர்மங்கள் நஞ்சற்றவை, தீப்பற்றாதவை. எளிதில் சிதையாத தன்மையே தொழிலில் அவற்றின் சிறப்பாக விளங்கியது. அதே தன்மையால் அவை பல்லாண்டுக்காலம் காற்றில் நிலைத்து, மேலடுக்கை எட்டிக் கேடு விளைவிக்கின்றன. 1985இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் பெரிதும் குறைந்துபோயிருப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டபோது ஐயத்திற்கு இடம் குறைந்தது.

அதே ஆண்டில் வியன்னா உடன்படிக்கை உருவாயிற்று. 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரீல் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. முக்கியமான குளோரோ புளோரோ கார்பன்களின் பயன்பாட்டை அந்நூற்றாண்டின் இறுதிக்குள் பாதியாகக் குறைப்பது அதன் குறிக்கோள். ஆண்டுக்குத் தலா 0.3 கிலோகிராமுக்குக் குறைவாகப் பயன்படுத்தும் வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டுக் காலச் சலுகை அளிக்கப்பட்டது.

இந்தியா விலகி நின்ற காரணம்

இச்சலுகை தாராளமானதாகத் தோன்றலாம். எனினும் இந்தியாவும் சீனாவும் ஒப்பந்தத்தில் சேரவில்லை. ஓசோன் படலத்தை அரித்த சேர்மங்களின் பெரும்பகுதி தொழில்வளம் பெற்ற நாடுகள் வெளியிட்டவை. இந்தியாவின் தலா நுகர்வோ சலுகை வரம்பில் ஒரு சிறு பங்கு மட்டுமே. நடுத்தரக் குடும்பத்திற்குக் குளிர்பதனப் பெட்டி எட்டத் தொடங்கிய வேளையில், மாற்றுப் பொருள்களின் தொழில் நுட்ப உரிமைகள் சில பெரிய வெளிநாட்டு நிறுவனங்களின் கையில் இருந்தன. கால அவகாசம் மட்டும் தந்து, பணத்திற்கும் தொழில் நுட்பத்திற்கும் வழி கூறாத ஒப்பந்தம், கடனைத் தள்ளிவைப்பதேயன்றித் தீர்ப்பதாகாது என்பது இந்தியாவின் நிலை.

இந்நிலைப்பாடு ஆபத்தற்றதன்று. ஒப்பந்தத்தில் சேராத நாடுகளோடு இச்சேர்மங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்த விதிகள் இருந்தன. நெடுநாள் வெளியே நின்றால் ஏற்றுமதிச் சந்தை மூடப்படும். உள்ளூர்த் தொழில் பழைய நுட்பத்திலேயே தேங்கிவிடும். மறுபுறம், மக்கள்தொகை மிகுந்த இவ்விரு நாடுகளும் சேராவிட்டால் மேலை நாடுகளின் குறைப்பு முயற்சி நாளடைவில் பயனற்றுப் போகும். இரு தரப்பினருக்கும் ஒருவர் மற்றவரின்றி இயலாது என்ற இந்த நிலையே பேச்சுவார்த்தைக்கு வலுவூட்டியது.

இலண்டன் தீர்வு

1990 ஜூனில் இலண்டனில் கூடிய மாநாட்டில் இந்தியக் குழுவுக்குச் சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி தலைமை வகித்தார். தனி நிதி அமைப்பதற்கு அமெரிக்கா தொடக்கத்தில் இசையவில்லை. மாநாட்டிற்குச் சற்று முன்னரே தன் நிலையை மாற்றிக்கொண்டது. முடிவில் மூன்றாண்டுகளுக்கு 16 கோடி டாலர் நிதி ஏற்படுத்தப்பட்டது; இந்தியாவும் சீனாவும் சேர்ந்தால் அது 24 கோடி டாலராக உயரும் என்றும் முடிவாயிற்று.

தொகையைவிட விதிகளே முக்கியமானவை. பழைய நுட்பத்திலிருந்து புதியதற்கு மாறுவதால் ஏற்படும் கூடுதல் செலவை நிதி ஏற்கும். இப்பணம், வழக்கமான அயல்நாட்டு உதவிக்கு மேற்பட்டதாக இருத்தல் வேண்டும். வளரும் நாடுகள் தம் கடமையை நிறைவேற்றும் திறன், நிதியும் தொழில் நுட்பமும் உரியவாறு கிடைப்பதைப் பொறுத்தது என்று உடன்படிக்கையே ஒப்புக்கொண்டது. நிதியை நிர்வகிக்கும் குழுவின் பதினான்கு உறுப்பினரில் ஏழு பேர் வளரும் நாடுகளைச் சேர்ந்தவர்கள். வாக்கெடுப்பு நேர்ந்தால் இரு பிரிவிலும் பெரும்பான்மை ஆதரவு தேவை. பணம் கொடுப்பவரே முடிவு செய்வார் என்ற பழைய மரபு இங்கே தளர்த்தப்பட்டது.

சீனா 1991இலும், இந்தியா 1992 ஜூனிலும் ஒப்பந்தத்தில் சேர்ந்தன.

செயல்பாட்டில் கண்ட பயன்

உடன்படிக்கையின் சோதனை தலைநகரங்களில் முடிவதில்லை. அது பட்டறையில் நடைபெறுகிறது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் இதற்கெனச் சட்ட விதிகள் வகுக்கப்பட்டன. உற்பத்தியாளருக்கு ஈடு தரப்பட்டது. நகரத் தெருக்களில் குளிர்பதனப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் சிறு தொழிலாளருக்கும் புதிய வாயுக்களைக் கையாளப் பயிற்சி அளிக்கப்பட்டது. சில மருத்துவப் பயன்பாடுகள் நீங்கலாக, குளோரோ புளோரோ கார்பன் உற்பத்தியை இந்தியா 2008 ஆகஸ்டில், கெடுவான 2010க்கு முன்னரே, நிறுத்தியது. விலகி நின்ற நாடு, நியாயமான விதி கிடைத்ததும் வாக்கைக் காப்பாற்றியது என்பது குறிப்பிடத்தக்கது. 2009இல் ஐ.நா. உறுப்பு நாடுகள் அனைத்தும் ஒப்பந்தத்தில் இணைந்துவிட்டன. இந்நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி ஓசோன் படலம் பெரும்பாலும் பழைய நிலைக்கு மீளும் என அறிவியலாளர் மதிப்பிடுகின்றனர்.

குறைகளும் உண்டு. மாற்றாக வந்த ஹைட்ரோ புளோரோ கார்பன்கள் ஓசோனை அரிக்காவிடினும் புவியை வெப்பமாக்குகின்றன. ஆகவே 2016இல் கிகாலியில் மற்றொரு திருத்தம் தேவைப்பட்டது. இந்தியா 2021இல் அதனை ஏற்றது. அதன்படி இந்தியாவின் பயன்பாடு 2028இல் உச்ச வரம்பை அடைந்து, 2047க்குள் 85 சதவிகிதம் குறைய வேண்டும். ஒரே தொழில் ஒரு தலைமுறைக்குள் பலமுறை நுட்பம் மாற்ற நேர்ந்தது. தொழில் நுட்பத்தை நியாயமான விலையில் பெறுவது இன்றும் முற்றிலும் தீராத சிக்கலே.

வெப்பநிலை உயர்வும் பழைய பாடமும்

ஓசோன் பிரச்சினையில் உற்பத்தியாளர் சிலரே. மாற்றுப் பொருளும் கண்ணுக்கெட்டிய தொலைவில் இருந்தது. புவி வெப்பமாதல் அத்தகையதன்று. அனல் மின் நிலையம், லாரி, உழவு, சிமெண்ட் என வாழ்வின் ஒவ்வொரு துறையும் அதில் அடங்கும். 1992இல் ரியோவில் கையெழுத்தான உடன்படிக்கை, பொறுப்பு பொதுவானது, ஆயினும் வேறுபட்டது என்னும் நெறியை ஏற்றது. ஆனால் இலண்டனில் கண்ட கண்டிப்பான நிதி விதி அங்கு அமையவில்லை. 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டுவதாக 2009இல் கோபன்ஹேகனில் தரப்பட்ட வாக்கு, செல்வ நாடுகளின் சொந்தக் கணக்கின்படியே 2022இல்தான் நிறைவேறியது. அதிலும் பெரும்பங்கு கடனாக வந்தது. 2024இல் பாகுவில், 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்ற புதிய இலக்கு அறிவிக்கப்பட்டபோது, அது போதாதென இந்தியா அவையிலேயே மறுப்புத் தெரிவித்தது.

இம்மறுப்பை வெறும் பிடிவாதம் எனக் கொள்வோர் 1987 முதல் 1992 வரையிலான வரலாற்றை நினைவுகூர்தல் நன்று. அக்காலத்து மறுப்பின் பின்னால் திட்டவட்டமான கோரிக்கை இருந்தது. கோரிக்கை ஏற்கப்பட்டதும் உள்நாட்டில் கடமையை நிறைவேற்றும் உறுதியும் இருந்தது. இவ்விரண்டும் சேர்ந்தபோதுதான் வளரும் நாட்டின் குரலுக்கு மதிப்புக் கிடைத்தது. நாளைய பேச்சுவார்த்தைகளில் அமரப்போகும் இளைஞர்கள், செல்வ நாடுகளின் கடமையைக் கணக்கிட்டுக் கேட்கும் துணிவையும், தம் நாட்டின் கடமையைக் கணக்கிட்டுச் செய்யும் ஒழுங்கையும் ஒருங்கே பெறுதல் வேண்டும். வெப்பத்தாலும் வெள்ளத்தாலும் முதலில் துன்புறுபவர்கள் இந்நாட்டின் ஏழைகளே. ஆகவே பேச்சுவார்த்தையில் காட்டும் உறுதியும், நடைமுறையில் காட்டும் விரைவும் அவர்களுக்குச் செலுத்த வேண்டிய கடனாகும்.