தெருமுனைக் குப்பைத் தீயும் நாம் குடிக்கும் பாலும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"அழியாத ரசாயனங்களைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டார். நான் விஞ்ஞானி இல்லை. பீங்கான் சூளைப் பக்கத்தில் முப்பது வருடம் நின்றவன். ஆகவே நம் வயலையும் நம் தெருமுனையையும் பற்றி மட்டும் பேசுகிறேன்.

உங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு பி.ஹெச்.சி. பவுடர் ஞாபகம் இருக்கும். ஒரு மாதிரி மக்கல் வாடை அடிக்கும். நெல் வயலுக்கும் அதுதான், வீட்டில் எறும்புக்கும் அதுதான். அது எங்கே போயிற்று என்று நாம் யாரும் கேட்டதில்லை. கேட்டவர்கள் பரங்கிப்பேட்டையில் இருந்தார்கள். அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தாரும் ஜப்பானின் எகிமே பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து வெள்ளாற்றுப் பகுதியில் ஆராய்ந்தார்கள். நம் மணிமுத்தாறு கூடலையாற்றூரில் போய்ச் சேருகிறதே, அதே வெள்ளாறுதான். 1991-ல் முடிவு வெளியானது. வயலில் போட்ட மருந்தில் ஆற்றோடு கடலுக்குப் போனது வெறும் 0.4 சதவீதம். மீதி 99.6 சதவீதம் காற்றில் கலந்துவிட்டது.

நம்ம ஊர் வெயில் அதை ஆவியாக்கிக் கிளப்பிவிடுகிறது. காற்றோடு போய், குளிர்ந்த இடத்தில் இறங்குகிறது. ஒரு வயல்கூட இல்லாத வட துருவத்தில், சீல் என்னும் கடல் விலங்கின் கொழுப்பில் இந்த வகை மருந்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சீக்கிரம் சிதையாது, கொழுப்பில் தங்கும், ஒரு உயிர் இன்னொன்றைத் தின்னத் தின்ன அளவு கூடிக்கொண்டே போகும். இப்படிப்பட்டவற்றைக் கட்டுப்படுத்தத்தான் 2001-ல் ஸ்டாக்ஹோமில் உலக உடன்படிக்கை செய்தார்கள். இந்தியா 2006-ல் சேர்ந்தது. பி.ஹெச்.சி.யை அதற்கு முன்பே, 1997-ல், நம் அரசு தடை செய்துவிட்டது.

பி.ஹெச்.சி. தொழிற்சாலையில் செய்த சரக்கு. உரிமத்தை நிறுத்தினால் நின்றுவிடும். டையாக்சின் அப்படி இல்லை. அதை யாரும் வேண்டுமென்று தயாரிப்பதில்லை, குப்பையை எரிக்கும்போது தானாக உண்டாகிறது. நம் தெருக்கோடிக் காலி மனையில் சாயங்காலம் ஆறு மணிக்குத் தீ வைக்கிறார்களே, அங்கேயும் உண்டாகிறது.

இந்த ஊரில் சூட்டைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. பீங்கானுக்கு 1200 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டையாக்சின் சிதைய 850 டிகிரிக்கு மேலான சூட்டில் புகை இரண்டு விநாடியாவது நிற்க வேண்டும். குப்பைத் தீ ஒரு பக்கம் எரியும், ஒரு பக்கம் புகையும். அந்த அரைகுறைச் சூடு, 200 முதல் 450 டிகிரி வரை, டையாக்சின் உருவாவதற்குத் தோதான சூடு. அதில் பி.வி.சி. ஒயரும் பிளெக்ஸ் பேனரும் விழுந்தால் வேண்டிய குளோரினும் கிடைத்துவிடுகிறது.

"அப்படியானால் நம் சூளையிலேயே போட்டு எரிக்கலாமே" என்று ஒரு நண்பர் கேட்டார். கூடாது. உள்ளே சிதைந்தாலும், புகை போக்கியில் ஆறும்போது மறுபடி உருவாகும். அதைப் பிடித்து வடிகட்டும் சாதனம் நம் சூளைகளில் இல்லை.

புகை மூக்கில் ஏறினால்தானே கெடுதல், ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நம் உடம்பில் சேரும் டையாக்சினில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சாப்பாட்டின் வழியாக வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இறைச்சி, மீன், முக்கியமாகப் பால். உள்ளே போனது பாதியாகக் குறையவே 7 முதல் 11 வருடம் ஆகும். சென்னை பெருங்குடிக் குப்பை மேட்டுப் பக்கத்துத் தாய்மார்களின் பாலைச் சோதித்தபோது டையாக்சின் அதிகமாக இருந்தது. 2004-ல் வெளியான அந்த ஆய்வு, குப்பை மேட்டில் மேயும் மாடுகளின் பாலும் காரணமாக இருக்கலாம் என்றது. இதிலும் அதே எகிமே பல்கலைக்கழகத்தாருக்குப் பங்கு உண்டு.

இதைப் படித்ததிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. நம் காலி மனைச் சாம்பலில் மேய்கிற மாட்டின் பாலைத்தான் என் பேத்தி குடிக்கிறாள். பல வருடம் அங்கே தீ வைத்தவர்களில் நானும் ஒருவன். கொசு போகும் என்று நினைத்து வைத்தேன்.

திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2016 டிசம்பரிலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. அபராதத்துக்குப் பயந்து நிறுத்துவதைவிட, எரிக்க ஒன்றும் இல்லாமல் செய்வது சுலபம். மக்கும் குப்பையைப் பிரித்துவிட்டால் மிச்சம் ரொம்பக் குறைவு. மறுசுழற்சிக்கு ஆகாத பிளாஸ்டிக்கை அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகள் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. அந்தச் சூளையின் சூடு 1400 டிகிரிக்கு மேல். அங்கே போய்ச் சேர வேண்டுமானால் முதலில் நம் வீட்டிலிருந்து தனியாக வெளியே வர வேண்டும்.

இன்னும் ஒன்று. மூட்டு வலிக்கு டிரான்ஸ்பார்மர் ஆயில் தேய்க்கும் பழக்கம் இன்னமும் சிலரிடம் இருக்கிறது. பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் பி.சி.பி. என்ற அழியாத ரசாயனம் இருக்கக்கூடும். அதன் உபயோகத்தை 2025 டிசம்பர் 31-க்குள் அடியோடு நிறுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2016-லேயே ஆணை போட்டது. தயவு செய்து முழங்காலில் தேய்க்காதீர்கள்.

வருகிற ஞாயிறு முதல் என் வீட்டுத் திண்ணையில் இரண்டு சாக்கு கட்டி வைக்கிறேன். ஒன்று ஒயருக்கு, ஒன்று பிளெக்ஸுக்கும் மற்ற பிளாஸ்டிக்குக்கும். எந்த நேரமும் வந்து போடலாம், என்னைக் கூப்பிட வேண்டாம். நிறைந்ததும் நகராட்சி வண்டியில் நானே ஏற்றிவிடுகிறேன். காலி மனைக்குக் கம்பி வேலி போட ஆகும் செலவைப் பற்றி உரிமையாளரிடம் பேச இரண்டு பேர் என்னோடு வர வேண்டும். யார் வருகிறீர்கள்?