கைமாறிய பூங்கா

கேளிக்கைப் பூங்காக்களைப் பெரிய கம்பெனிகள் விலைக்கு வாங்குவதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். 'இது முதலாளிகளின் விவகாரமாயிற்றே, மாணவர்களாகிய எங்களுக்கு இதில் என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தில் இருந்த ஒரு பூங்காவின் வரலாற்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கிளீவ்லண்டு நகரத்துக்கு அருகே ஜியாகா என்றோர் ஏரி உண்டு. 1880களிலேயே நகரத்து மக்கள் ரெயில் ஏறி வந்து, அதன் கரையில் கட்டுச்சோறு உண்டு களித்தார்கள். நாளடைவில் இராட்டினங்கள் வந்தன. 1925ஆம் ஆண்டில் மரத்தாலேயே உயரமான ஒரு ரோலர் கோஸ்டர் எழுந்தது. 'பிக் டிப்பர்' என்பது பின்னாளில் அதற்கு நிலைத்த பெயர். பாட்டன் ஏறிய வண்டியில் பேரனும் ஏறினான்.

1995ஆம் ஆண்டில் பிரீமியர் பார்க்ஸ் என்னும் கம்பெனி இப்பூங்காவின் உரிமையாளரை விலைக்கு வாங்கியது. மூன்றாண்டு கழித்து, தன்னினும் புகழ்மிக்க சிக்ஸ் ஃபிளாக்ஸையே வாங்கி, பின்னர் அதன் பெயரையும் சூடிக்கொண்டது. 2000இல் ஏரிக்கரையில் ஒரே ஆண்டில் நான்கு புதிய ரோலர் கோஸ்டர்கள் முளைத்தன. மறு ஆண்டு, எதிர்க்கரையில் இருந்த கடல்வாழ் உயிரினக் காட்சிசாலையையும் 11 கோடி டாலர் கொடுத்து வாங்கி, இரண்டையும் ஒன்றாக்கினார்கள். பார்த்தவர்கள் வியந்தார்கள், வியக்காமல் என்ன செய்வார்கள்?

இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் நீங்கள் கூர்ந்து நோக்க வேண்டும். ஒரு கம்பெனி மற்றொன்றை வாங்கும்போது கைப்பணம் மட்டும் கொடுப்பது அரிது. பல வேளைகளில் பெரும்பகுதி கடனாகவே இருக்கும். அக்கடனுக்கு வட்டி கட்டுவது யார்? வாங்கப்பட்ட பூங்காக்கள்தாம். மழை பெய்து கூட்டம் குறைந்தாலும் வட்டி குறையாது. சிக்ஸ் ஃபிளாக்ஸின் கடன் பெருகிக்கொண்டே போய், 2009இல் அது திவால் சட்டத்தின் பாதுகாப்பை நாட நேர்ந்தது. அதற்கு முன்பே, 2004இல், ஜியாகா ஏரிப் பூங்காவை 14.5 கோடி டாலருக்குச் சீடர் ஃபேர் என்னும் கம்பெனியிடம் விற்றுவிட்டது.

சீடர் ஃபேருக்கோ, அதே மாநிலத்தில், இரண்டு மணி நேரப் பயணத்துக்குள், சீடர் பாயின்ட் என்னும் புகழ்பெற்ற பூங்கா முன்னமே இருந்தது. ஒரே முதலாளிக்கு அடுத்தடுத்து இரண்டு கடைகள்! 2007ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் மக்கள் வழக்கம்போல் ஆடிப்பாடி வீடு திரும்பினார்கள். ஐந்து நாள் கழித்து, இனிக் கேளிக்கைப் பகுதி திறக்கப்படமாட்டாது என்ற அறிவிப்பு வந்தது. எஃகு வண்டிகளுள் ஒன்று வர்ஜீனியாவுக்கும், மற்றொன்று மிச்சிகனுக்கும் பெயர்ந்து சென்றன. பிக் டிப்பரோ நின்ற இடத்திலேயே ஒன்பது ஆண்டுகள் பாழ்பட்டுக் கிடந்து, 2016இல் இடிக்கப்பட்டது. எதிர்க்கரை நீர்விளையாட்டுப் பூங்காவும் அவ்வாண்டோடு மூடப்பட்டது.

சீடர் ஃபேரைக் கொடியவர்கள் என்று நான் கூறமாட்டேன். வருவோர் தொகை வெகுவாகக் குறைந்திருந்தது. அவர்கள் கணக்கில் பிழையில்லை. ஆனால் அக்கணக்கில் இயந்திரத்துக்கும் நிலத்துக்கும் விலை உண்டே தவிர, நூறாண்டுப் பழக்கத்துக்கு விலை இல்லை. பூங்கா வேறு வகையிலும் நடக்கக்கூடும். ஹாலந்து நாட்டில் 1952இல் திறக்கப்பட்ட எஃப்டெலிங் பூங்கா ஓர் அறநிலையத்தின் உடைமை. அதன் பங்குகளைச் சந்தையில் எவரும் வாங்க முடியாது.

2024 ஜூலையில் சிக்ஸ் ஃபிளாக்ஸும் சீடர் ஃபேரும் ஒன்றாக இணைந்தன; நாற்பதுக்கு மேற்பட்ட பூங்காக்கள் ஒரே குடைக்கீழ் வந்தன. மறு ஆண்டு நவம்பரில், மேரிலாந்து மாநிலத்தில் இருந்த சிக்ஸ் ஃபிளாக்ஸ் அமெரிக்கா மூடப்பட்டது. அதன் நிலம் சுமார் 500 ஏக்கர். வேறு பயனுக்கு விற்கப்படும் என்றார்கள். இம்முறை சில மாதங்களுக்கு முன்னரே சொல்லிவிட்டதால், கடைசி நாளில் வந்தவர்கள் கடைசி நாள் என்று அறிந்தே வந்தார்கள்.