ஆதாரத் துடிப்பு

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், வயல்கள் சூழ அமைந்த ஊர் தோப்பூர். நீர் குறைந்த காலங்களில் முறை வைத்துப் பாய்ச்சுவது நெற்செய்கையின் பழைய வழக்கு. துரிசு திறந்து பன்னிரண்டு நாழிகை நேரம் ஒரு வாய்க்காலில் நீர் ஓடுமென வைத்துக்கொள்வோம். அதை இருவர், மூவர், நால்வர், அறுவர் ஆகிய எவரும் முழு நாழிகைகளாகப் பங்கிட்டுக்கொள்ளலாம். பதின்மூன்று நாழிகையாயின் அது இயலாது. ஒரு நாழிகை கூடுதலாகக் கிடைத்தும் பங்கீடு கெடும். வட்டவிதானையார் எத்துணை நேர்மையானவராயினும், அளவு சரியில்லையாயின் வழக்குத் தீராது.

நம் முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாகவும், ஒரு நாழிகையை அறுபது விநாடியாகவும் வகுத்தமைக்கு இதில் ஒரு நன்மை உண்டு. அறுபது என்னும் எண் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு ஆகிய அனைத்தாலும் மீதியின்றி வகுபடும். காலத்தை அளப்பதற்கு முன், அளவின் எண்ணைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். இன்றைய ஆய்வுகூடங்களில் இலத்திரனியற் கருவிகளை அமைப்போர் முதலில் எதிர்கொள்ளும் வினாவும் இதுவே.

ஆய்வுகூடத்தில் பல கருவிகள் ஒருங்கே இயங்க வேண்டும். ஒன்று ஒளிக்கதிரைத் திறக்கும், ஒன்று மூடும், மற்றொன்று அளவையைப் பதியும். இவை யாவற்றுக்கும் தாளம் போடுவது ஓர் ஆதாரக் கடிகாரம். அது செக்கனுக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதே அதன் மீடிறன். அந்த மீடிறன் எவ்வளவாக இருத்தல் நன்று?

இவ்வினா புதியதன்று. 1957 ஆம் ஆண்டு வரை திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் தளமாக விளங்கியது. கடலோடிகளுக்குக் காலம் என்பது இடத்தின் மறுபெயர். பூமி இருபத்துநான்கு மணி நேரத்தில் ஒருமுறை சுழல்வதால், கடிகாரம் நான்கு செக்கன் பிழைத்தால், நிலநடுக்கோட்டை ஒட்டிய நமது கடலில் கப்பலின் இடம் கிழக்கு மேற்காக ஏறக்குறைய ஒரு கடல் மைல் பிழைபடும். இருளில் பாறையுள்ள கரையை அணுகும் கப்பலுக்கு அந்த ஒரு மைல் உயிர்நிலையாகும்.

இதற்குத் தீர்வு காண்போருக்கு இருபதினாயிரம் பவுண் வரை பரிசளிப்பதாக 1714 ஆம் ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றிற்று. ஜோன் ஹரிசன் என்னும் தச்சர் இதிலே தம் வாழ்நாளைச் செலவிட்டார். அவர் முதலிற் செய்த கடிகாரங்கள் பெரியவை, மெதுவாக ஆடியவை. கப்பலின் அசைவும் மெதுவானதே. ஆதலின் அவ்வசைவு கடிகாரத்தின் ஆட்டத்தைக் குலைக்க வல்லதாயிற்று. 1759 ஆம் ஆண்டில் நிறைவேறிய நான்காவது கடிகாரத்தில் அவர் வழியை மாற்றினார். கைக்கடக்கமான அக்கடிகாரம் செக்கனுக்கு ஐந்து முறை துடித்தது. விரைந்து துடிப்பதைக் கடலின் மந்த அசைவு எளிதிற் கலைப்பதில்லை. 1761 ஆம் ஆண்டு ஜமெய்க்காவுக்குப் புறப்பட்ட கப்பலில் அது சென்றபோது, 81 நாளில் ஏறக்குறைய ஐந்து செக்கன் மாத்திரமே பிந்தியது.

பின்னாளில் வழக்கில் நிலைபெற்ற கப்பற் கடிகாரங்களோ அரைச் செக்கனுக்கு ஒருமுறை ஒலித்தன. சூரியனை நோக்கும் மாலுமி அவ்வொலியைக் காதாற் கேட்டு எண்ண வேண்டும். அரை அரையாக எண்ணுதல் எளிது. ஆக, துடிப்பு இரு தகுதிகளை உடையதாதல் வேண்டும். ஒன்று, புறத்து இடையூறுகளால் கலையாமை. மற்றொன்று, பயன்படுத்துவோனின் கணக்குக்கு இசைதல்.

இவ்விரு தகுதிகளையும் இன்று குவார்ட்ஸ் பளிங்கிற் காணலாம். நம் கைக்கடிகாரத்துள் இருக்கும் பளிங்கு செக்கனுக்கு 32,768 முறை அதிர்கிறது. இவ்வெண்ணை இரண்டால் வகுத்து, மீண்டும் மீண்டும் வகுத்து, பதினைந்தாம் முறையில் சரியாக ஒன்று என வந்து நிற்கும். இரண்டால் வகுக்கும் சுற்று மிக எளியது என்பதால் கடிகாரம் செய்வோர் அதனைத் தெரிந்தனர்.

ஆய்வுகூடத்தின் தேவை வேறு. அங்கு செக்கனுக்குப் பத்து மில்லியன் துடிப்பு என்பது பொதுவழக்காகிவிட்டது. சீசியம் அணு செக்கனுக்கு 9,192,631,770 அதிர்வு என்ற கணக்கைத் தருகிறது. 1967 ஆம் ஆண்டு முதல் செக்கனின் வரைவிலக்கணம் இதுவே. ஆயினும் அந்த எண்ணைக் கருவிகளுக்கு நேரே வழங்குவாரில்லை. அணுக்கடிகாரம் தானே அதனைப் பத்து மில்லியனாக மாற்றி வெளியிடும். வெவ்வேறு தேசத்துக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொதுமொழி அது.

உட்புறத்திலோ இன்னும் விரைவான துடிப்பு வேண்டும். இங்கேதான் தெரிவு கடினமாகிறது. நூறு மில்லியனைத் தெரிந்தால் ஒரு துடிப்பு பத்து நானோ செக்கன். ஒரு மைக்ரோ செக்கனுக்கு நூறு துடிப்பு. அரை மைக்ரோ செக்கனுக்கு ஐம்பது. நூற்றிருபத்தைந்து மில்லியனைத் தெரிந்தால் ஒரு துடிப்பு எட்டு நானோ செக்கன். விரைவான கணினித் தொடர்புக் கம்பிகளுக்கு அது பொருந்தும். ஆனால் அரை மைக்ரோ செக்கனுக்கு அறுபத்திரண்டரைத் துடிப்பு வரும். அரைத் துடிப்பு என ஒன்று இல்லை. ஒரே ஆய்வில் ஒரு கருவி நூறிலும் மற்றொன்று நூற்றிருபத்தைந்திலும் இயங்குமாயின், இரண்டும் ஒன்றுகூடுவது நாற்பது நானோ செக்கனுக்கு ஒருமுறையே. இடையில் நிகழ வேண்டியது ஒருபுறம் முந்தும், மறுபுறம் பிந்தும்.

துடிப்பைப் பெருக்குவதிலும் ஒரு விலை உண்டு. பத்து மில்லியனை நூறு மில்லியனாகப் பெருக்கினால், அதிலுள்ள கட்ட நடுக்கமும் பத்து மடங்காகும். வகுத்தால் நடுக்கம் குறையும், பெருக்கினால் கூடும்.

இன்னொரு நுட்பத்தையும் கருத வேண்டும். எண்களைக் கொண்டு அலைகளை உண்டாக்கும் கருவிகள் பல, ஆதாரத் துடிப்பை முப்பத்திரண்டு இரட்டை இலக்கங்களாற் பகுக்கின்றன. ஆயிரம் மில்லியன் துடிப்பிலிருந்து சரியாகப் பத்து மில்லியன் அதிர்வு கேட்டால், அதற்குரிய எண் 42,949,672.96 என வரும். கருவி முழுவெண்ணையே ஏற்கும். எஞ்சிய பின்னம் மிகச் சிறிது. எனினும், பிழையற்ற வேறோர் அலையோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய 107 செக்கனில் ஒரு முழுச் சுற்று விலகியிருக்கும். ஆதாரத் துடிப்பு இரண்டின் அடுக்காயின், பல எண்களில் இக்குறை தோன்றாது. ஆனால் பத்தின் கணக்குக்கு அது ஒவ்வாது. எல்லார்க்கும் இனிய எண் என ஒன்றில்லை.

இவ்வளவு சிறிய பின்னத்தால் என்ன நேரும் எனக் கேட்கலாம். 1991 ஆம் ஆண்டு பெப்ரவரி 25 ஆம் நாள், சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேற்றியட் என்னும் காவல் ஏவுகணைத் தொகுதி, வந்த ஏவுகணையைத் தடுக்கத் தவறிற்று. இருபத்தெட்டு அமெரிக்கப் படைவீரர் மாண்டனர். காரணத்தை அந்நாட்டுக் கணக்காய்வு அலுவலகம் 1992 ஆம் ஆண்டு வெளியிட்டது. அத்தொகுதியின் கடிகாரம் செக்கனின் பத்தில் ஒரு பங்காகக் காலத்தை எண்ணியது. பத்தில் ஒன்று என்பது இரட்டை எண் முறையில் முடிவிலாது நீளும். இருபத்துநான்கு இலக்கத்தோடு அது துண்டிக்கப்பட்டிருந்தது. நூறு மணி நேரம் ஓய்வின்றி இயங்கியதும், சிறுபிழைகள் திரண்டு 0.34 செக்கனாயின. அந்நேரத்துள் ஏவுகணை அரைக் கிலோமீற்றருக்கு மேல் கடந்துவிடும். எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என எண்ணியிருந்தால், அப்பின்னம் இரட்டை எண் முறையில் முழுமையாக அடங்கியிருக்கும்.

ஆகவே ஆய்வுகூடத்தை அமைப்போர், கடையிற் கிடைக்கும் பளிங்கை முதலில் வாங்கிவிட்டுப் பின்னர் கணக்குப் பார்த்தலாகாது. தேவையான கால இடைவெளிகளை எல்லாம் எழுதி, அவை யாவும் முழுத் துடிப்புகளாக அமையும் எண்ணை முதலிற் காண வேண்டும். அவ்வெண் ஏனைய கருவிகளோடு இணங்குமா என்று பார்க்க வேண்டும். பின்பு எல்லாக் கருவிகளுக்கும் ஒரே ஊற்றிலிருந்து துடிப்பை வழங்க வேண்டும். தனித்தனிப் பளிங்குகள் எத்துணை நல்லவையாயினும், நாளடைவில் ஒன்றையொன்று விட்டு விலகும்.

கருவிகள் நிறுவப்பட்ட பின் ஆதாரத் துடிப்பை மாற்றுவது, பயிர் முளைத்த பின் வரம்பை மாற்றிக் கட்டுவது போன்றது. துரிசு திறக்கும் முன்னரே முறை வகுக்கும் உழவர்க்கு இது புதிய பாடமன்று.