கடைசிப் புள்ளி வரைக்கும்

2001 ஜூலை 9, திங்கட்கிழமை. மழையால் ஒரு நாள் தள்ளிப்போன விம்பிள்டன் ஆண்கள் இறுதியாட்டம். ஐந்தாவது செட்டில் 8-7 என்ற நிலையில் கோரன் இவானிசெவிச் சர்வீஸ் போடுகிறார். இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் பட்டம். டபுள் ஃபால்ட் செய்கிறார். மறுபடியும் மேட்ச் பாயிண்ட், மறுபடியும் டபுள் ஃபால்ட். மூன்றாவது வாய்ப்பில் பாட்ரிக் ராஃப்டர் பந்தை அவர் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுத் தப்பித்துவிடுகிறார். நான்காவது முறை ராஃப்டர் திருப்பிய பந்து வலையில் விழுந்தது. 1992, 1994, 1998 என்று இதே மைதானத்தில் மூன்று இறுதியாட்டங்களைத் தோற்றவர் இவானிசெவிச். தோள்பட்டைக் காயத்தால் தரவரிசையில் 125ஆம் இடத்துக்குச் சரிந்திருந்தார். அந்த ஆண்டு ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் தகுதிச் சுற்றைக்கூட அவரால் தாண்ட முடியவில்லை. விம்பிள்டன் நிர்வாகம் வைல்ட் கார்டு கொடுத்ததால்தான் உள்ளே வர முடிந்தது.

இப்படி யாரும் கணக்கில் எடுக்காத ஒருவர் பெரிய பட்டத்தை வெல்ல வேண்டும் என்று நாம் ஆசைப்படும்போது, அதை வெறும் இரக்கம் என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது இரக்கமாகத் தெரியவில்லை. டென்னிஸ் ஆட்டத்தின் அமைப்பே அந்த ஆசைக்கு இடம் தருகிறது. கால்பந்தில் இரண்டு கோல் முன்னிலை இருந்தால் பந்தைத் தங்களுக்குள்ளேயே உருட்டி நேரத்தைக் கடத்தலாம். டென்னிஸில் கடத்துவதற்குக் கடிகாரம் கிடையாது. எவ்வளவு முன்னிலையில் இருந்தாலும் கடைசிப் புள்ளியை எடுத்தே ஆக வேண்டும். 2004 பிரெஞ்சு ஓபன் இறுதியில் கில்லெர்மோ கோரியா முதல் இரண்டு செட்களை 6-0, 6-3 என்று எடுத்துவிட்டார். எதிரே ஆடிய கஸ்டோன் காடியோ தரவரிசையில் 44ஆம் இடம், இருவருமே அர்ஜென்டினாக்காரர்கள். பிறகு காடியோ ஒவ்வொரு கேமாக மீண்டு வந்தார், கோரியாவின் கால்கள் தசைப்பிடிப்பில் இறுகின. ஐந்தாவது செட்டில் கோரியாவுக்கு இரண்டு மேட்ச் பாயிண்ட்கள் கிடைத்தன. இரண்டையும் காடியோ காப்பாற்றி 8-6 என்று முடித்தார். முதல் ஒரு மணி நேரத்தைப் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியை அணைத்தவர்கள் எதைத் தவறவிட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களின் கணக்கு. இன்று காலை ஒருவர் எப்படி ஆடுகிறார் என்பது அதில் இருக்காது. 1997இல் பிரெஞ்சு ஓபனுக்கு வந்தபோது பிரேசிலின் குஸ்டாவோ குயெர்ட்டென் 66ஆம் இடத்தில் இருந்தார். தாமஸ் முஸ்டர், யெவ்கெனி கஃபெல்னிகோவ், செர்ஜி புருகேரா என்று அங்கே முன்பு பட்டம் வென்ற மூவரை ஒரே தொடரில் வீழ்த்தினார். அதிர்ஷ்டம் என்றார்கள். அவர் 2000, 2001 ஆண்டுகளிலும் அதே கோப்பையைத் தூக்கினார், உலகின் முதலிடத்துக்கும் வந்தார். 1997இல் பின்தங்கியிருந்தது அந்தப் பட்டியல்தான். 2021 அமெரிக்க ஓபனில் 18 வயது எம்மா ராடுகானு, 150ஆம் இடத்துக்காரர், தகுதிச் சுற்று முடிந்ததும் ஊர் திரும்ப விமான டிக்கெட்கூட எடுத்து வைத்திருந்தார். பத்து ஆட்டங்கள், இருபது செட்கள், ஒன்றைக்கூட இழக்கவில்லை.

சரி, அதன் பிறகு ராடுகானு இன்னொரு பெரிய பட்டம் வெல்லவில்லையே, காடியோவும் வெல்லவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் கோப்பை அந்த இரண்டு வாரத்துக்குத்தான் தரப்படுகிறது, ஆயுளுக்கு அல்ல. காடியோ வழியில் ஹெவிட், நல்பாண்டியன் என்ற முன்னணி வீரர்களைத் தோற்கடித்துத்தான் இறுதிக்கு வந்தார்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. 2015இல் செரீனா வில்லியம்ஸ் ஆண்டின் முதல் மூன்று பெரிய பட்டங்களையும் வென்றிருந்தார். நான்காவதான அமெரிக்க ஓபனும் கிடைத்தால் 1988இல் ஸ்டெஃபி கிராஃப் செய்த சாதனையைத் தொட்டிருப்பார். அரையிறுதியில் எதிரே வந்தவர் 43ஆம் இடத்திலிருந்த இத்தாலியின் ராபர்ட்டா வின்சி. முதல் செட்டை 2-6 என்று இழந்த வின்சி அடுத்த இரண்டையும் 6-4, 6-4 என்று எடுத்துவிட்டார். அடுத்த நாள் இறுதியில் அவரே ஃபிளாவியா பென்னெட்டாவிடம் தோற்றார். ஒரு தலைமுறையில் ஒருமுறை வரும் அரிய சாதனையை ஒரே ஒரு பிற்பகல் கலைத்துவிட்டதே, இதற்கா கைதட்டுவது? செரீனாவின் அந்த இழப்பை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனாலும் வின்சி போன்றவர்கள் விட்டுக்கொடுத்திருந்தால் அந்தச் சாதனைக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? கிராஃப் 1988இல் வென்றதை இன்றும் பேசுகிறோம் என்றால், யாரோ ஒருவர் அதைத் தடுத்திருக்க முடியும் என்பதால்தான்.

ஆண்கள் ஆட்டத்தில் இந்த ஆசை இப்போது மிக மெலிந்த நூலில் தொங்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். போட்டித் தரநிலை (சீடிங்) இல்லாத ஆண் ஒருவர் கடைசியாகப் பெரிய பட்டம் வென்றது அந்த 2004 காடியோதான். 2024, 2025 ஆண்டுகளின் எட்டுப் பட்டங்களையும் சின்னரும் அல்கராஸும் பகிர்ந்துகொண்டார்கள். ஐந்து செட் ஆட்டம் பலசாலிக்குத் தவறைத் திருத்த அவகாசம் தருகிறது. பெண்கள் மூன்று செட் ஆடுகிறார்கள். 2017 முதல் 2023 வரை மட்டும் தரநிலை இல்லாத ஆறு பெண்கள் பெரிய பட்டம் வென்றிருக்கிறார்கள். அவர்களில் மார்க்கெட்டா வோண்ட்ரூசோவா 2022 விம்பிள்டனில் மணிக்கட்டு அறுவை சிகிச்சைக் கட்டோடு பார்வையாளராக வந்து, மறு ஆண்டு அதே இடத்தில் சாம்பியன் ஆனவர்.

அடுத்த பெரிய போட்டியின் டிரா வெளியாகும்போது 128 பெயர்கள் இருக்கும். 32 பேருக்குப் பக்கத்தில் தரநிலை எண் இருக்கும். தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்களை வென்று வந்த பதினாறு பேரின் பெயருக்கு அருகில் ஒரே ஒரு சின்ன எழுத்துதான் இருக்கும். நான் முதலில் தேடப்போவது அந்தப் பதினாறு பெயர்களைத்தான்.