சாட்சியும் சமாதானமும்

(இலங்கைப் போர்நிறுத்த உடன்பாடும் கண்காணிப்புக் குழுவும் என்னும் பொருள்பற்றித் திருச்செந்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



பொதுநலத்தில் கருத்துடைய ஒருவர் தாம் தேடிய பொருளில் ஒரு பகுதியை, தம் காலத்துக்குப் பின்னும் ஆண்டுக்கொருமுறை அறிவு பேசப்படவேண்டும் என்று ஒதுக்கி வைத்திருப்பாராயின், அந்த மேடையில் நிற்பவன் கேட்பதற்கு இனிமையானதை மட்டும் பேசிவிட்டு இறங்குதல் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆகையால் நம் மனத்தை நெடுங்காலமாக வருத்திவரும் ஒரு விஷயத்தையே இன்று எடுத்துக்கொள்கிறேன். இலங்கையின் வடகிழக்கு நிலம் பற்றிய நீண்ட பிணக்கிலே, 2002ஆம் ஆண்டு முதல் 2008ஆம் ஆண்டு வரையில், ஆயுதமில்லாத அந்நிய நாட்டார் சிலர் இரு படைகளுக்கு நடுவே நின்று சமாதானத்தைக் காக்க முயன்றார்களே, அந்த முயற்சி எவ்வாறு தொடங்கிற்று, எதனால் முறிந்தது, அதிலிருந்து உலகம் கற்கவேண்டியது யாது என்பதே என் பொருள்.

இந்தப் பொருளைத் திருச்செந்தூரில் பேசுவதற்குப் பொருத்தம் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இக்கரையின் முத்துக்கும் வாணிகத்துக்குமாகப் போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் போட்டியிட்ட நாளிலே, ஒல்லாந்தர் செந்திலாண்டவர் கோயிலைக் கைப்பற்றிச் சிலகாலம் கோட்டையாக வைத்திருந்ததையும், கடலுள் போன திருமேனியை வடமலையப்பப் பிள்ளை மீட்டுக் கொணர்ந்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படும் வரலாற்றையும் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வழிபாட்டுத் தலத்தில் படை தங்கினால் ஊருக்கு நேர்வது என்ன என்பதை இந்த ஊர் அறியும். மேலும் கொழும்பிலே கடை வைத்துப் பிழைத்த குடும்பங்கள் தாமிரபரணிக் கரையெங்கும் உள்ளன. அடுத்திருக்கும் காயல்பட்டினத்தாருக்கு அத்தீவோடு உள்ள வாணிகத் தொடர்பும் உறவுத் தொடர்பும் தலைமுறை தலைமுறையாக வந்தவை. மன்னார் வளைகுடாவின் அக்கரையில் நடப்பது நமக்கு அயல்நாட்டுச் செய்தி அன்று.

1. முதலில் வந்த படை

நோர்வே நாட்டார் வருவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே அந்த நிலத்தில் ஒரு சமாதானப் படை கால்வைத்திருந்தது. 1987 ஜூலை 29ஆம் நாள் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் கொழும்பில் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி இந்திய அமைதி காக்கும் படை வடகிழக்குக்குச் சென்றது. அது ஐக்கிய நாடுகள் சபையின் படை அன்று. இரண்டு அரசாங்கங்கள் செய்துகொண்ட ஏற்பாட்டின் விளைவு. ஆயுதம் ஏந்திய முக்கியத் தரப்பாகிய விடுதலைப் புலிகள் அவ்வுடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஆயினும் அவர்களிடமிருந்து ஆயுதங்களை வாங்கும் பொறுப்பு அப்படையின் தலையில் விழுந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே காக்கப்போன படை போரிடும் படையாயிற்று. 1990 மார்ச்சு மாதம் அது திரும்பி வந்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிர் இழந்திருந்தனர்; யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பங்கள் பட்ட துயரமோ எந்தக் கணக்கிலும் முழுமையாக ஏறவில்லை.

அவ்வுடன்படிக்கையால் விளைந்த அரசியல் பயன் ஒன்று உண்டு: மாகாண சபைகளை உண்டாக்கிய பதின்மூன்றாம் திருத்தம். வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்து, கிழக்கு மக்களின் முடிவை வாக்கெடுப்பால் அறிவது என்று அவ்வுடன்படிக்கையில் கூறியிருந்தனர். அவ்வாக்கெடுப்பு நடைபெறவே இல்லை. இணைப்பை 2006 அக்டோபரில் இலங்கை உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்தது. நிலத்தின் உரிமை பற்றிய மூலக் கேள்வி, பத்தொன்பது ஆண்டு கழிந்த பின்னும், தொடங்கிய இடத்திலேயே நின்றது.

2. 2002ஆம் ஆண்டின் உடன்பாடு

2002 பிப்ரவரி 22ஆம் நாள் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவின் அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்பாடு நிறைவேறியது. இடைநின்று உதவியது நோர்வே. அந்தப் பத்திரத்தை இன்று எடுத்து வாசிப்பவர் அதன் நுணுக்கத்தைப் பாராட்டாமல் இருக்கமுடியாது. எதிரெதிராகக் காவலரண் அமைத்திருந்த இடங்களிலே இரு படைகளும் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும் என்றும், நடுவே குறைந்தது 600 மீட்டர் அகலமுள்ள வெளி இருக்கவேண்டும் என்றும் அது விதித்தது. கோயில், தேவாலயம், பள்ளிவாசல், விகாரை ஆகிய வழிபாட்டிடங்களில் தங்கியிருக்கும் படையினர் 30 நாளுக்குள் வெளியேறவேண்டும். பள்ளிக்கூடக் கட்டடங்கள் 160 நாளுக்குள் பிள்ளைகளுக்குத் திரும்பவேண்டும். ஒரு தரப்பு விலக விரும்பினால் நோர்வே அரசாங்கத்துக்கு 14 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும்.

இவற்றை மேற்பார்க்க நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து என்னும் ஐந்து வடபுல நாட்டாரைக் கொண்ட கண்காணிப்புக் குழு அமைந்தது. அதன் முதல் தலைவர் ஓய்வுபெற்ற நோர்வே சேனாதிபதி துரோன்ட் ஃபுருஹோவ்டே. உடன்பாட்டின் வாசகத்துக்குப் பொருள் சொல்லும் இறுதி அதிகாரம் குழுவின் தலைவருக்கு இருந்தது. மீறல் நடந்ததா இல்லையா என்று அவர் தீர்ப்புக் கூறலாம். மீறியவரைத் தண்டிக்கும் அதிகாரமோ, தடுக்கும் படைபலமோ அவரிடம் இல்லை. கையில் துப்பாக்கி இல்லாமல், இரு தரப்பினரின் சம்மதம் ஒன்றையே கவசமாகக் கொண்டு அவர்கள் யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இடங்களில் அலுவலகம் வைத்தார்கள்.

அந்த முதல் ஆண்டின் நன்மையை யாரும் குறைத்துக் கூறக்கூடாது. நெடுங்காலம் மூடிக்கிடந்த ஏ-9 நெடுஞ்சாலை அவ்வாண்டு ஏப்ரலில் திறந்தது. ஓமந்தையில் பேருந்திலிருந்து இறங்கி, மூட்டை முடிச்சுகளை இராணுவத்தாரிடம் அவிழ்த்துக் காட்டி, செஞ்சிலுவைச் சங்கத்தார் நின்ற நடுவெளியைக் கடந்து, மறுபக்கம் புலிகளின் சாவடியில் மீண்டும் அவிழ்த்துக் காட்டி வரிகொடுத்து, முகமாலையில் அதே சடங்கைத் தலைகீழாக ஒருமுறை நடத்தி யாழ்ப்பாணம் சேர்ந்தவர்கள், அத்தனை அலைச்சலையும் ஒரு பொருட்டாக எண்ணாமல், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பார்க்காத தாயையும் தமக்கையையும் பார்த்தார்கள். குண்டுச் சத்தம் கேளாமல் உறங்கிய இரவுகளைச் சமாதானத்தின் பயன் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

3. காவலின் மூன்று குறைகள்

ஆயினும் அந்தக் காவலில் மூன்று குறைகள் தொடக்கத்திலேயே அமைந்திருந்தன.

முதலாவது, கடல். தரையிலே 600 மீட்டர் என்று அளந்து சொன்ன பத்திரம், கடலிலே யார் எதுவரை செல்லலாம் என்பதை அத்தகைய திட்டத்தோடு வரையறுக்கவில்லை. கடற்படை கடல் முழுவதும் அரசாங்கத்தினுடையது என்றது. புலிகளின் கடற்பிரிவாகிய கடற்புலிகள் தமக்கும் அதில் இடமுண்டு என்றார்கள். 2003 பிப்ரவரியில் நெடுந்தீவுக்கு அருகே புலிகளின் படகொன்றைச் சோதனையிடக் கண்காணிப்பாளர் அதில் ஏறினர். மறைத்துவைத்த ஆயுதம் கண்ணுக்குப் பட்டதும், படகில் இருந்தவர்கள் அப்படகையே தகர்க்கத் துணிந்தார்கள். கண்காணிப்பாளர் கடலில் குதித்து உயிர் தப்பினர், படகு தீப்பற்றி வெடித்து அதில் இருந்தவர்களோடு அழிந்தது. ஆயுதமில்லாத சாட்சி நீரில் குதித்துத் தப்பும் அந்த நிலை, பத்திரத்தின் குறையைப் பத்திரத்தைக் காக்க வந்தவரின் உடம்பிலேயே எழுதிக் காட்டிற்று.

இரண்டாவது, முஸ்லிம் மக்கள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்து முகாம்களில் வாழ்ந்தவர்களும், கிழக்கிலே இரு தரப்புக்கும் நடுவே நெருக்குண்டவர்களும் அந்த நிலத்துக்கு உரியவர்களே அல்லரோ? உடன்பாட்டில் கையெழுத்திட்டவர்கள் இருவர். மூன்றாமவருக்கு மேசையில் நாற்காலி இல்லை. நிலத்தைப் பற்றிய வழக்கில் அந்நிலத்தில் வாழ்வோருள் ஒரு பெரும் பகுதியாரை வெளியே நிறுத்திவிட்டு எழுதும் பத்திரம் எத்தனை நுணுக்கமாக இருந்தாலும் அது ஊனமுற்ற பத்திரமே என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

மூன்றாவது குறை எல்லாவற்றிலும் பெரிது. கண்காணிப்புக் குழு மீறல்களை எண்ணியது. எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டிச் சென்றது. அவற்றுள் மிகப் பெரும் பகுதி புலிகள்மீது தீர்ந்தவை. சிறுவரைப் படைக்குச் சேர்த்தல் அவற்றுள் முதன்மையானது. அரசாங்கத்தின்மீதும் நூற்றுக்கணக்கில் தீர்ப்பாயின. ஒவ்வொரு தீர்ப்பும் நேர்மையாகவே எழுதப்பட்டது. எழுதப்பட்டபின் அதனால் ஆனது ஒன்றுமில்லை. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் முறையிட்டாள், குழு பதிந்துகொண்டது. பிள்ளை வீடு திரும்பவில்லை. தீர்ப்புக்குப் பின்விளைவு இல்லை என்பதை இரு தரப்பும் கண்டுகொண்ட நாளிலிருந்து, சாட்சியின் சொல்லுக்கு இருந்த மதிப்பு நாளுக்கு நாள் தேய்ந்தது.

4. கல் நடுமுன் நின்ற காவலாளி

ஏன் இவ்வாறாயிற்று? நம் ஊர்ப்பக்கத்து வரப்புத் தகராறு ஒன்றை நினைத்துப் பாருங்கள். நிலத்தை அளந்து கல் நட்டபின் காவல் வைத்தால் காவலாளிக்கு வேலை எளிது. அளக்காமலே காவலாளியை மட்டும் நிறுத்தினால் அவன் நாள்தோறும் இரு வீட்டாரின் வசவையும் வாங்கிக்கொண்டு நிற்பான். இலங்கையில் நடந்தது இரண்டாவது.

கல் நடுவதற்கு வாய்ப்பு வராமல் இல்லை. 2002 செப்டம்பரில் தாய்லாந்தில் பேச்சு தொடங்கிற்று. டிசம்பரில் ஒஸ்லோவில், ஒன்றுபட்ட இலங்கைக்குள் கூட்டாட்சி அமைப்பின் அடிப்படையில் தீர்வு காண ஆராய்வதென்று இரு தரப்பும் ஒப்பின. அந்த ஒரு வாசகத்தைப் பிடித்துக்கொண்டு நடந்திருந்தால் வரலாறு வேறாகியிருக்கலாம். 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினர். அக்டோபரில் இடைக்கால நிர்வாகத் திட்டம் ஒன்றை வெளியிட்டனர். சில நாளிலேயே கொழும்பில் ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் இடையே அதிகாரப் பூசல் மூண்டது. தெற்கிலே ஒரு கட்சி செய்வதை மறு கட்சி அழிக்கும் பழக்கமும், வடக்கிலே மாற்றுக் குரலைப் பொறுக்காத பிடிவாதமும் சேர்ந்து அந்த வாசகத்தைக் கொன்றன.

இதற்கு மாறான உதாரணம் ஒன்று அதே காலத்தில் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் கிடைக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை ஆச்சேயையும் இலங்கையையும் ஒருங்கே தாக்கிற்று. ஆச்சேயில், பின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மார்த்தி அத்திசாரி நடுவராக இருந்து, 2005 ஆகஸ்டு 15ஆம் நாள் ஹெல்சிங்கியில் உடன்பாடு கண்டார். கிளர்ச்சியாளர் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டனர். அரசாங்கம் சுயாட்சிச் சட்டத்துக்கும் உள்ளூர்க் கட்சிகளுக்கும் இசைந்தது. அதன் பின்னரே ஐரோப்பிய ஒன்றியமும் தென்கிழக்காசிய நாடுகள் சிலவும் அனுப்பிய கண்காணிப்பாளர் வந்தனர். கிளர்ச்சியாளர் ஒப்படைக்கவேண்டிய ஆயுதம் 840. படிப்படியாக அவை அறுத்தழிக்கப்பட, ஒவ்வொரு படிக்கும் ஈடாக வெளியிலிருந்து வந்த படைகள் வெளியேறின. 2006 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அதே மாதம் கண்காணிப்பாளர் வேலை முடிந்து வீடு திரும்பினர்.

இலங்கையிலோ, ஆழிப்பேரலை நிவாரணத்தைச் சேர்ந்து பகிர்வதற்காக 2005 ஜூனில் செய்த ஏற்பாட்டைக்கூட அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. ஆகஸ்டில் அயலுறவு அமைச்சர் லட்சுமண் கதிர்காமர் கொலையுண்டார். 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்ய, அவ்வொன்றிய நாட்டார் கண்காணிப்புக் குழுவில் இருக்கலாகாதென்று புலிகள் கூறினர். சுவீடனும் டென்மார்க்கும் பின்லாந்தும் விலகின. எஞ்சிய நோர்வே, ஐஸ்லாந்து நாட்டார் சிறு தொகையினர் மாவிலாற்றிலும் மூதூரிலும் மூண்ட போரைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தனர். 2008 ஜனவரி 2ஆம் நாள் அரசாங்கம் முன்னறிவிப்புக் கொடுத்தது. 16ஆம் நாள் உடன்பாடு முடிந்தது. சாட்சிகள் கப்பலேறிய பின், 2009 மே மாதம் வரை முல்லைத்தீவுக் கடற்கரையில் பொதுமக்களுக்கு நேர்ந்ததைச் சுதந்திரமாக நின்று பார்க்க அங்கே கண்காணிப்பாளர் எவரும் இல்லை.

ஆச்சே வேறு, ஈழம் வேறு என்பதை நான் அறிவேன். பிணக்கின் வேரும் படைகளின் பலமும் ஒன்றல்ல. ஆனால் முறை பற்றிய பாடம் இரண்டு இடத்துக்கும் பொது. அரசியல் தீர்வு முந்தி, கண்காணிப்புப் பிந்தி வந்த இடத்தில் ஒன்றரை ஆண்டுக்குள் வேலை முடிந்தது. கண்காணிப்பு முந்தித் தீர்வு வராத இடத்தில் ஆறு ஆண்டும் வீணாயிற்று. சைப்பிரஸ் தீவில் 1964ஆம் ஆண்டு முதல் நிற்கும் ஐக்கிய நாடுகளின் படை இன்னும் நிற்கிறது; அதன் தளபதியாக இருந்து அங்கேயே உயிர்நீத்த நம் ஜெனரல் திம்மய்யாவுக்குப் பின் எத்தனையோ தளபதிகள் மாறியும் தீர்வு வரவில்லை. கொலையை நிறுத்தியது பெரும்பயன்தான். ஆனாலும் நிறுத்தத்தையே முடிவாகக் கொண்டால் காவல் தலைமுறைகளைத் தாண்டி நீளும் என்பதற்கு அது பிரத்தியட்ச சாட்சி.

5. நாம் கேட்கவேண்டியவை

ஆகவே எந்த நாட்டிலாயினும் ஒரு போர்நிறுத்தப் பத்திரம் உலகின்முன் வைக்கப்படும்போது, கையெழுத்திடும் தலைவர்களின் படத்தைக் கண்டு மகிழ்வதற்கு முன்பு மூன்று கேள்விகளை நாம் கேட்கவேண்டும். அந்நிலத்தில் வாழும் எல்லா மக்களுக்கும் மேசையில் இடம் உண்டா? மீறினவன் இழப்பது என்ன என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறதா? தீர்வுக்கு நாள் குறித்திருக்கிறதா? மூன்றுக்கும் விடை இல்லையென்றால், கண்காணிக்க வருபவர் எத்துணை உத்தமராயினும், அவரிடம் நாம் சுமத்துவது செய்யமுடியாத வேலை.

மாணவச் செல்வங்களே, துப்பாக்கிகள் ஓய்ந்ததனால் அந்த நிலத்தின் கேள்வி தீர்ந்துவிடவில்லை. 2013இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வடமாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தபின் பல ஆண்டுகள் புதிய தேர்தல் இன்றியே கழிந்தன. இராணுவம் எடுத்துக்கொண்ட நிலங்களைக் கேட்டும், காணாமற் போனவர்களைக் கேட்டும் தாய்மார்கள் தெருவோரத்தில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காகப் பேசும்போது இக்கரையிலிருக்கும் நாம் ஆவேசத்தை மட்டும் அனுப்பினால் அது அவர்களுக்குச் சுமையாகும். சட்டமும் சரித்திரமும் கற்று, சிங்கள மக்களின் அச்சத்தையும் முஸ்லிம் மக்களின் காயத்தையும் தமிழ் மக்களின் உரிமையோடு ஒருங்கே எடைபோட்டுப் பேசும் ஆற்றல் நமக்கு வேண்டும். அயல்நாட்டுறவு என்பது டில்லியில் சிலர் செய்யும் தொழில் என்று ஒதுங்காமல், அதைக் கற்பதற்கு இங்கிருந்து பத்துப் பேராவது புறப்படுவீர்களானால், இவ்வறக்கட்டளையை நிறுவிய பெருந்தகையின் எண்ணம் நிறைவேறியதாகவே நான் கருதுவேன்.