ஊருக்குள் வந்த சிறகிகள்



வாத்து என்றால் குளத்தில் மிதக்கும், வயலில் மேயும்; மரக்கிளையில் ஏறி அமர்வது காக்கைக்கும் கொக்குக்கும் உரிய காரியம் என்பதே நம்மில் பலருடைய எண்ணம். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், மெக்ஸிக்கோ வளைகுடாவை அடுத்த நகரங்களில், சந்தியா காலத்தில் வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பவர் தலையை நிமிர்த்தினால், எதிர்வீட்டுக் கூரை முகட்டிலோ மின்சாரக் கம்பியிலோ ஐந்தாறு வாத்துகள் வரிசையாக நின்று அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைக் காணக்கூடும். பவள நிற அலகு, இளஞ்சிவப்பு நிறமான நீண்ட கால்கள், சாம்பல் பூத்த முகம், வெள்ளை வளையமிட்ட கண், செம்பழுப்பு மார்பு, அதற்குக் கீழே கன்னங்கரிய வயிறு. இவைதாம் அதன் அடையாளங்கள். கருவயிற்றுச் சீழ்க்கைச் சிறகி என்று நாம் அதை அழைக்கலாம். மற்ற வாத்துகளைப் போல அது கரகரவென்று கத்துவதில்லை. பறக்கும்போதெல்லாம் மெல்லிய குரலில் சீழ்க்கை அடித்துக்கொண்டே போகிறது.

இந்தக் குடும்பம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. தமிழ்நாட்டு ஏரிகளில் இரவு நேரங்களில் சீழ்க்கையடித்துப் பறக்கும் சீழ்க்கைச் சிறகி இதற்கு நெருங்கிய பந்து. அதுவும் மரப்பொந்தில் முட்டையிடும் ஜாதியே. கல்கத்தாவின் ஆலிப்பூர் விலங்குக் காட்சிசாலை ஏரியில், சுற்றிலும் மாநகரத்தின் சந்தடி நிறைந்திருக்க, குளிர்காலந்தோறும் அவை ஆயிரக்கணக்கில் வந்து தங்கியது பிரசித்தமான விஷயம். ஆகவே மனிதரை அடுத்து வாழும் சுபாவம் இந்தக் குலத்துக்கே ஓரளவு உண்டு என்று சொல்லலாம்.

மெக்ஸிக்கோவிலிருந்து அர்ஜென்டினாவின் வடபகுதி வரையில் பரந்து கிடப்பதே கருவயிற்றுச் சிறகியின் பூர்வீகப் பிரதேசம். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அதைக் காண விரும்பியவர் பெரும்பாலும் டெக்ஸாஸ் மாநிலத்தின் தென்கோடிக்கே பிரயாணம் செய்ய வேண்டியிருந்தது. பிறகு அது மெல்ல வடக்கும் கிழக்குமாக விரியலாயிற்று. 1980-களில் ப்ளோரிடாவின் சரசோட்டா நகருக்கு அருகே ஒரு சிறு கூட்டம் தங்கித் தழைக்கத் தொடங்கியது. லூயிசியானாவில் அது சர்வ சாதாரணமான பறவையாகிவிட்டது. 2003-இல் தென் கரோலினாவிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. இன்று நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஆடுபன் பூங்காவின் நீர்நிலையில் குளிர்காலத்தில் பெருங்கூட்டமாக அது இறங்குவதைக் காண்பதற்கென்றே மக்கள் போகிறார்கள்.

காடு அழிந்ததால் கதியற்று ஊருக்குள் நுழைந்த பிராணி என்று இதைப் பற்றி இரங்குவோர் உண்டு; மனிதன் மேல் கொண்ட அச்சம் தெளிந்து துணிவு பெற்றுவிட்டது என்று வியப்போரும் உண்டு. என் அபிப்பிராயம் வேறு. இந்தப் பறவை வாழ்வதற்கு வேண்டியவை மூன்றே: குஞ்சு பொரிக்க ஒரு பொந்து, இறங்கி நிற்க ஆழமில்லாத நீர், வயிற்றுக்குத் தானியம். இம்மூன்றையும் மனிதன் தன் சௌகரியத்தை உத்தேசித்து ஒரே இடத்தில் சேர்த்து வைத்தான். அது வந்து எடுத்துக்கொண்டது. தட்பவெப்பம் சற்றே சூடேறி வருவதும் அதற்கு அனுகூலமாயிருக்கலாம் என்கிறார்கள். புதிய குடியிருப்புகளில் மழைநீர் தெருவில் தேங்காமலிருக்க வெட்டிய குட்டைகளும், கோல்ஃப் மைதானத்துக் குளங்களும், பண்ணைகளில் கால்நடைக்குத் தண்ணீர் காட்டும் தாங்கல்களும் அதற்கு நீராயின. டெக்ஸாஸிலும் லூயிசியானாவிலும் உள்ள நெல் வயல்களும், சிறு பறவைகளுக்கென்று தோட்டங்களில் தொங்கவிடும் தானியத் தொட்டிகளும் அதற்கு அன்னசாலையாயின. அது பெரும்பாலும் இருட்டிய பிறகே மேயக் கிளம்புவதால், பகல் முழுதும் மனிதன் நடமாடும் இடத்தில் இரவிலே தன் காரியத்தை முடித்துக்கொள்கிறது.

பொந்தின் கதைதான் மூன்றிலும் சுவாரசியமானது. மரத்தில் இயற்கையாக ஒரு பொந்து விழுவதற்குப் பல பத்தாண்டுகள் செல்லும். பட்டுப்போன மரத்தையோ ஊருக்குள் எவரும் விட்டுவைப்பதில்லை. ஆயினும் அந்நாட்டில், அளவுக்கு மீறிய வேட்டையால் அருகிப்போன மர வாத்து என்னும் வேறொரு அழகிய பறவையை மீட்பதற்காக, 1930-கள் தொடங்கி நீர்நிலைகளின் ஓரங்களில் மரப்பெட்டிகளைக் கம்பத்தில் பொருத்தி வைக்கும் வழக்கம் பரவியது. மர வாத்துக்காக வைத்த அந்த வீட்டில் கருவயிற்றுச் சிறகியும் குடிபுகுந்தது. 1960-களில் தெற்கு டெக்ஸாஸில் இப்பறவையின் வாழ்க்கையைக் கூர்ந்து ஆராய்ந்த எரிக் போலன் என்னும் அறிஞர், பெட்டிகளை இப்பறவைக்கென்றே வைத்துப் பார்த்து, அது அவற்றை மனமொப்பி ஏற்பதை எடுத்துக் காட்டினார்.

அதன் இல்லறமும் கவனிக்கத் தக்கது. பெரும்பாலான வாத்து ஜாதிகளில், பெடை அடைகாக்க அமர்ந்ததும் சேவல் தன் கடமை தீர்ந்ததென்று விலகிவிடும். சிறகியிலோ இணை பல ஆண்டுகள் பிரியாமல் வாழ்வதோடு, சேவலும் முறைவைத்து முட்டைகளின் மேல் அமர்கிறது. ஏறக்குறைய நான்கு வாரங்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன; மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை தீட்டிய அச்சிறு உருவங்கள் ஓரிரு நாளுக்கு மேல் பெட்டியில் நிலைத்திருப்பதில்லை. தாய் தந்தையர் கீழே நின்று அழைக்க, ஒவ்வொன்றும் கூரிய நகங்களால் பெட்டியின் உட்சுவரைப் பற்றித் தொற்றி ஏறி, வாயிலில் ஒரு கணம் தயங்கி, சிறகு முளைக்காத உடம்போடு தரையில் குதிக்கிறது. எடை மிகக் குறைவாதலால் அநேகமாகக் காயமின்றி எழுந்து நீரை நோக்கி ஓடுகிறது.

இவ்விருந்தாளியால் சங்கடங்களும் இல்லாமலில்லை. விதை நெல்லை மேய்வதால் உழவர்கள் குறை கூறுகிறார்கள். நடுநிசியில் கூரைக்கு மேல் எழும் சீழ்க்கை எல்லோருக்கும் சங்கீதமாகப் படுவதில்லை. மர வாத்துகளுக்கும் இவற்றுக்கும் பெட்டிக்காகப் போட்டி உண்டாகிறது. பெட்டிகள் நெருக்கமாகவும் வெளிப்படையாகவும் இருந்தால், பல பெடைகள் ஒரே பெட்டியில் மாறிமாறி முட்டையிட்டுப் போகின்றன. ஒரு பெடை இடக்கூடிய பத்துப் பதினைந்து முட்டைகளுக்குப் பதிலாக 50-க்கும் மேற்பட்டவை குவிந்து, அடைகாக்க இயலாமல் வீணாகின்றன. எலிகளைத் தின்னும் பாம்பும் ரக்கூன் என்னும் பிராணியும் அந்தப் பெட்டியைத் தேடிக் கம்பத்தில் ஏறத் தவறுவதில்லை. மரப்பொந்துகளைப் போல அங்கொன்றும் இங்கொன்றுமாக மறைந்திராமல், பெட்டிகள் கண்ணுக்கு எதிரே வரிசையாக நிற்பதால் அவற்றைக் கண்டுபிடிப்பது அப்பிராணிகளுக்கு எளிது.

இந்தப் பறவையின் பரவலை இயற்கையின் வெற்றி என்று மட்டும் கொண்டாடிவிட எனக்கு மனம் வரவில்லை. அதன் குடித்தனம் நம் குட்டைகளையும் நம் தானியத்தையும் நம் பெட்டிகளையும் நம்பி நடக்கிறது. நம் பழக்கம் மாறினால் அதன் கதியும் மாறும். பெட்டி ஒன்றை ஆணியடித்து நிறுத்துவது ஒரு பிற்பகல் வேலை. கம்பத்தின் நடுவில் பாம்பு ஏறாதபடி தகரக் கூம்பு மாட்டுவதும், குஞ்சுகள் தொற்றி ஏறுவதற்கு உட்பலகையைச் சொரசொரப்பாக்குவதும், ஆண்டுதோறும் பழைய குப்பையை நீக்கிப் புதிய மரத்தூள் இடுவதும் பல வருஷப் பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஏற்க விரும்பாதவர் ஜீவகாருண்யத்தின் பேரால் பெட்டி வைக்க முன்வராதிருப்பதும், முற்றத்தில் ஆபத்தின்றி நிற்கும் ஒரு கிழட்டு மரத்தை வெட்டாமல் விட்டுவிடுவதுமே அந்தப் பறவைக்குச் செய்யக்கூடிய பேருபகாரம்.